வயல்வெளிச் சாலை, வண்டித்தடம், ஆற்றங்கரை: சமதளத்தில் ஓடுவதற்கு எந்தப் பாதை?

மேடு பள்ளம் இல்லாத ஊர்ப்புறத்தில் இருப்பவர்கள் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஒரு பக்கம் வயல்களுக்கு நடுவே தார்ச்சாலை போகிறது. அதிலிருந்து டிராக்டர்கள் செல்லும் மண் தடங்கள் பிரிகின்றன. சற்றுத் தள்ளி ஆற்றங்கரையில் ஒரு பாதை இருக்கிறது. மூன்றும் சமதளம்தான் என்னும்போது எதைத் தேர்வது? ஆற்றங்கரை கண்ணுக்கு இனிமையாக இருப்பதால் பலர் மேற்கொண்டு யோசிக்காமல் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அது தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன்; எல்லா நாளுக்கும் எல்லா ஓட்டத்துக்கும் அதுவே சரி என்று எண்ணுவதுதான் தவறு.

ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் பாதையின் கடினத்தைத் தீர்மானிப்பது ஏற்றமே. அது இல்லாத இடத்தில் காற்று, தரை, நடுவழியில் வெளியேறும் வசதி ஆகிய மூன்றும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. இவற்றுள் முதல் இரண்டை எல்லோரும் ஓரளவு கவனிக்கிறார்கள். மூன்றாவதைக் கால் சுளுக்கிக்கொண்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். என் மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

மேற்சொன்ன மூன்றுடன் வண்டி, நாய், ஆளரவமின்மை போன்ற ஆபத்துகளையும், தூரத்தை எவ்வளவு துல்லியமாக அளக்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பருவத்துக்குத் தனி வரிசை தரவில்லை. அது மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதால் அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

| அளவுகோல் | தார்ச்சாலை | வண்டித்தடம் | ஆற்றங்கரைப் பாதை |
|---|---|---|---|
| தரை | கெட்டியானது, சீரானது. ஓரத்தில் சரிவு உண்டு | பருவத்துக்குப் பருவம் மாறும் | இடத்துக்கு இடம் மாறும். வெள்ளத்துக்குப் பின் வழுக்கும் |
| காற்றும் வெயிலும் | ஒதுங்க இடமில்லை | பெரும்பாலும் அதே நிலை | மர வரிசை இருந்தால் நல்ல மறைப்பு. கரைமேட்டில் காற்று கூடுதல் |
| நடுவழியில் வெளியேறுவது | எளிது | ஓரளவு எளிது | பாலங்களைப் பொறுத்தது |
| ஆபத்து | வேகமாக வரும் வண்டிகள் | காவல் நாய்கள், குழிகள் | ஆளரவமின்மை, சைக்கிள்கள் |
| தூர அளவு | நம்பலாம் | ஓரளவு நம்பலாம் | வளைவும் மரங்களும் கெடுத்துவிடும் |
| எதற்குப் பொருத்தம் | சீரான வேகப் பயிற்சி | மெதுவான குறுகிய ஓட்டம் | நெடுந்தூர ஓட்டம் |

அட்டவணையில் ஒரு சொல்லில் அடங்கியிருப்பவை களத்தில் அவ்வளவு எளிதாக அடங்குவதில்லை.

## காற்றுக் கணக்கு

மூன்று பாதைகளுக்கும் பொதுவானது என்பதால் காற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சமவெளியில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. போகும்போது எதிர்காற்றில் இழந்ததைத் திரும்பும்போது பின்காற்றில் மீட்டுவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படி வராது.

உடலின் மீது காற்று தரும் தடை, உடலுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள ஒப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்ற வேகத்தில், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டரில் ஒருவர் ஓடுகிறார் என்றும், காற்றும் அதே 12 கிலோமீட்டரில் வீசுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்காற்றில் ஒப்பு வேகம் 24 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளோடு ஒப்பிட்டால் தடை 4 மடங்கு. பின்காற்றில் ஒப்பு வேகம் பூச்சியம், தடையும் பூச்சியம். ஆகப் போகும்போது கூடியது 3 பங்கு, திரும்பும்போது குறைந்தது 1 பங்கு மட்டுமே. காற்றடங்கிய நாளில் இந்த வேகத்தில் தடையின் மொத்த அளவு சிறியதுதான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. காற்று பலமாக வீசும் நாளில், கைக்கடிகாரம் காட்டும் நேரத்தை வைத்து உடல் தகுதி குறைந்துவிட்டதாக முடிவு செய்யாமல் இருந்தால் போதும்.

குளிர்ந்த நாளில் எதிர்காற்றில் தொடங்கிப் பின்காற்றில் திரும்புவது நல்லது. வியர்வையில் நனைந்த சட்டையோடு கடைசி கிலோமீட்டர்களில் எதிர்காற்றை வாங்கினால் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். வெயில் நாளில் இது தலைகீழாகிறது. பின்காற்றில் உடலைச் சுற்றியுள்ள காற்று நகராததுபோல் ஆகிவிடுவதால் வியர்வை உலராது, வெப்பம் ஏறும். ஆகவே வெயில் ஏறுமுன் பின்காற்றில் போய், வெயில் ஏறிய பின் எதிர்காற்றில் திரும்புவதே உடலுக்கு நல்லது, கடைசிப் பகுதி கடினமாக இருந்தாலும்.

மர வரிசையின் பயன் பலர் நினைப்பதைவிடப் பெரியது. காற்றுக்குக் குறுக்கே அமைந்த அடர்ந்த மர வரிசை, தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு தொலைவு வரை காற்றின் வேகத்தைக் கணிசமாகத் தணிக்கும். 10 மீட்டர் உயர மரங்கள் என்றால் 100 மீட்டர். 2019 அக்டோபரில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடிக் காட்டிய முயற்சிக்கு வியன்னாவின் பிராட்டர் பூங்காவிலுள்ள மரங்கள் அடர்ந்த, நேரான, சமதளச் சாலை தேர்ந்தெடுக்கப்பட்டது. சமதளம் மட்டும் வேண்டுமென்றால் திறந்தவெளிச் சாலைகள் எத்தனையோ கிடைத்திருக்கும். வேகம் குறையாமல் காக்க அவருடன் ஓடிய துணை ஓட்டக்காரர்கள் முறைவைத்து மாறி மாறி வந்ததாலும் வேறு சில காரணங்களாலும் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

## வயல்வெளித் தார்ச்சாலை

சீரான வேகத்தில் ஓடிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. தரை மாறாது, வளைவு குறைவு, கிலோமீட்டர் கற்கள் இருக்கும் இடங்களில் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து உருவாக்கிய பகுதிகளில் இது இன்னும் எளிது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தைத் தொடர்ந்து நிலம் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. பல இடங்களில் சாலைகளும் அந்தக் கோடுகளிலேயே அமைந்தன. அத்தகைய சதுரம் ஒன்றைச் சுற்றினால் 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர். நெதர்லாந்தில் 1612இல் ஏரியை வற்றவைத்து உருவாக்கிய பீம்ஸ்டர் நிலப்பகுதியிலும் சாலைகள் இதேபோல் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. சதுரச் சுற்றில் காற்று நான்கு பக்கமும் மாறி மாறிப் படும் என்பதால், போய்த் திரும்பும் நேர்ச்சாலையைவிட அது மனத்துக்கு எளிதாக இருக்கிறது. நேர்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அருகில் மட்டும் வராது.

இதன் மறைமுகச் செலவு சாலையின் குறுக்குச் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி சற்று உயர்த்தியும் ஓரங்கள் தாழ்த்தியும் அமைக்கப்படுகின்றன. தார்ச்சாலையில் இது பொதுவாக மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், பழைய சாலைகளின் விளிம்பில் இன்னும் கூடலாம். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. வண்டிகள் இடப்பக்கமாகச் செல்லும் நாடுகளில் அது சாலையின் வலப்பக்கம். இனி இதைக் கவனியுங்கள்: போகும்போதும் வலப்பக்க விளிம்பு, திரும்பும்போதும் வலப்பக்க விளிம்பு. ஆகவே இரண்டு திசையிலும் வலது காலே தாழ்வான பக்கத்தில் விழுகிறது. திரும்பி வரும்போது சமன் ஆகிவிடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. முழங்காலின் வெளிப்பக்கத்திலோ இடுப்பின் ஒரு பக்கத்திலோ மட்டும் வலி தொடர்ந்து வருமானால், ஷூவை மாற்றுவதற்கு முன் பாதையை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

வண்டிகளைப் பொறுத்தவரை, வாகனங்கள் குறைவாக வரும் சாலை பாதுகாப்பான சாலை என்று பொருளல்ல. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார், 200 மீட்டரை 9 விநாடியில் கடந்துவிடும். ஆளே இருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் ஓட்டுநரும் அசட்டையாக இருப்பார். கோடைக்குப் பின் சோளம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் மாதங்களில், மற்ற காலத்தில் அரை கிலோமீட்டர் தெரிந்த சந்திப்பு முற்றிலும் மறைந்துவிடுகிறது. அறுவடை நாட்களில் டிராக்டர்கள் மெதுவாகத்தான் வரும், ஆனால் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். இழுத்து வரும் மண் தாரின் மேல் படிந்து, சிறு தூறலிலும் சறுக்கும். இருட்டில் ஓடுவதானால் ஒளியைத் திருப்பி வீசும் பட்டையைச் சட்டையில் மட்டுமல்லாமல் கணுக்காலிலும் கட்டிக்கொள்ள வேண்டும். ஏறி இறங்கும் ஒளியைப் பார்த்ததும் அது ஓர் ஆள் என்பது ஓட்டுநருக்கு விரைவில் புரிந்துவிடும்.

இத்தனை குறை சொன்ன பிறகும், வேகப் பயிற்சி நாளுக்கு நான் தார்ச்சாலையைத்தான் சொல்வேன். கால் வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டியிராத தரையில்தான் மூச்சையும் வேகத்தையும் கவனிக்க முடிகிறது.

## வண்டித்தடம்

இரண்டு சக்கரத் தடங்கள், நடுவில் புல் மேடு: வயல்களுக்குச் செல்லும் மண் தடம் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கும். காய்ந்த காலத்தில் தடம் சிமென்டுபோல் இறுகிவிடும். மழைக்காலத்தில் சேறு ஷூவோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் அடியிலும் எடை கூடும். நடுப்புல்லில் ஓடுவது இதமாகத் தோன்றும், பனித்துளி படிந்த அதிகாலையில் அதனடியில் இருக்கும் கல் தெரியாத வரை.

மென்மையான தரை காயத்திலிருந்து காக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதை முழுமையாக நம்ப வேண்டியதில்லை. தரை மென்மையாகும்போது கால் தன் விறைப்பைக் கூட்டிக்கொள்கிறது, கெட்டியாகும்போது குறைத்துக்கொள்கிறது. உடல் தானாகவே ஈடுசெய்யும் பகுதி கணிசமானது. மண் தடத்தின் உண்மையான நன்மை வேறு. சமதளத்தில் தார்ச்சாலையில் ஓடும்போது ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் நகலாக இருக்கிறது. அதே தசை, அதே கோணம், ஆயிரக்கணக்கான முறை. மண் தடத்தில் அடிக்கு அடி சிறு மாற்றம் இருப்பதால் சுமை பல தசைகளுக்குப் பகிரப்படுகிறது. அதற்கு விலையாகக் கணுக்கால் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பழைய சுளுக்கு உள்ளவர்கள் இதை நிதானமாகத் தொடங்க வேண்டும்.

காவல் நாய்கள்தான் பெரிய தொல்லை. நாய் பாய்ந்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாக நடந்து அதன் எல்லையைக் கடப்பதே வழி. பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து வேறு தடத்தில் திரும்பிவிட வேண்டும். தடம் தனியார் நிலத்தில் செல்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நல்லது.

## ஆற்றங்கரைப் பாதை

ஆற்றங்கரைப் பாதை என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வகைப் பாதைகள் இருக்கின்றன. முதலாவது, வெள்ளத் தடுப்புக் கரையின் உச்சியில் செல்வது; பார்வை நன்றாக இருக்கும், நிலத்திலிருந்து உயரம் கூடக் கூடக் காற்று பலப்படும் என்பதால் எதிர்காற்று கடுமையாக இருக்கும். இரண்டாவது, கரையின் அடியில் நீரை ஒட்டிச் செல்வது. காற்று குறைவு, வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அதுதான். மூன்றாவது, படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலத்தில் கோவேறு கழுதைகளும் குதிரைகளும் நடப்பதற்காகப் போடப்பட்ட பழைய இழுவைப் பாதை. ஓடுபவருக்கு இது மிகவும் உகந்தது. வாஷிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்து வரை போட்டோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் செசபீக் - ஓஹாயோ கால்வாயின் இழுவைப் பாதை ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளமுடையது. அந்தத் தொலைவு முழுவதிலும் ஏறும் உயரம் 184 மீட்டர் அளவுதான், அதுவும் பெரும்பாலும் படகுகளை ஏற்றி இறக்கும் 74 மதகுகளின் அருகே சிறுசிறு ஏற்றமாகப் பிரிந்துவிடுகிறது.

ஆற்றோட்டத்தின் திசையில் ஓடினால் இறக்கத்தின் பலன் கிடைக்கும் என்ற எண்ணமும் உண்டு. சமவெளியில் பெரிய ஆறுகளின் சரிவு கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. கால் அதை உணராது. சாலை ஓட்டச் சாதனைகளுக்கான உலகத் தடகள அமைப்பின் விதியே கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வரை இறக்கத்தை அனுமதிக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவு ஓட்டத் தூரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற விதியும் உண்டு; பின்காற்றின் உதவியை அது கட்டுப்படுத்துகிறது. 2011இல் பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடியும், அந்தப் பாதை இவ்விரு விதிகளுக்கும் உட்படாததால் அது உலக சாதனையாகவில்லை. ஆற்றங்கரையிலும் பயன் தருவது காற்றின் திசைதான், நீரின் திசையல்ல.

இனி, வெளியேறும் வழி. ஆற்றங்கரையில் ஒரு பக்கம் நீர்; மறுபக்கம் பெரும்பாலும் வேலியோ வயலோ சதுப்போ இருக்கும். அடுத்த பாலம்தான் அடுத்த கதவு. இரண்டு பாலங்களுக்கு இடையே பாதை வழியாக 9 கிலோமீட்டர் இருக்கிறது என்றும், சரிபாதியில், 4.5 கிலோமீட்டரில், கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடியவர் அங்கு வரை வர எடுத்துக்கொண்ட நேரம் 27 நிமிடம். நொண்டியபடி மணிக்கு 4 கிலோமீட்டரில் நடந்தால், எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், கைபேசியில் சிக்னல் இல்லாமல் போகலாம், சிக்னல் இருந்தாலும் வண்டி அங்கே வர முடியாது. தார்ச்சாலையில் இதே நிலை வந்தால் பத்து நிமிடத்தில் யாராவது கடந்து செல்வார்கள். ஆகவே ஆற்றங்கரையின் தரத்தைப் பாதையின் அழகைக் கொண்டு அல்லாமல் பாலங்களின் இடைவெளியைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பேன். 2, 3 கிலோமீட்டருக்கு ஒரு பாலம் இருந்தால் அருமை: ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்பும் சுற்றுகள் பல நீளங்களில் கிடைத்துவிடும்.

நேர்த்தொலைவை வைத்துப் பாலங்களின் இடைவெளியைக் கணிக்கவும் கூடாது. ஆற்றின் நீளம் நேர்த்தொலைவைப் போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதை வளைந்தோடும் ஆறு என்று நிலவியலார் வகைப்படுத்துகிறார்கள். சமவெளி ஆறுகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. வரைபடத்தில் 6 கிலோமீட்டராகத் தெரிவது காலில் 9 ஆகிவிடும். ஜிபிஎஸ் கடிகாரமும் இங்கே தடுமாறுகிறது: அடர்ந்த மரங்களும் பாலத்தின் அடிப்பகுதியும் சிக்னலைக் குலைக்கின்றன, நெருக்கமான வளைவுகளைக் கடிகாரம் குறுக்கே வெட்டிவிடுகிறது. இந்தப் பாதையில் வேகப் பயிற்சி செய்துவிட்டு விநாடிகளை ஒப்பிடுவது வீண்வேலை. போட்டிப் பாதைகளை இன்றும் அளவு சரிபார்த்த சைக்கிளில்தான் அளக்கிறார்கள். வளைவின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி மிகக் குறுகிய கோட்டில் அளந்து, குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டுகிறார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர்.

வெள்ளம் வடிந்த பிறகு முதல் வாரம் ஆற்றங்கரைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. படிந்த வண்டல் மேலே காய்ந்து வெடித்து, ஓடத்தக்க தரைபோல் தெரியும். கால் வைத்ததும் மேலோடு நகர்ந்து அடியிலுள்ள ஈரக் களி வழுக்கும். மாலையில் கொசுக்கூட்டமும், உயர்ந்த புல்லில் உண்ணிகளும், தெளிந்த குளிர் இரவுகளுக்குப் பின் அதிகாலை மூடுபனியும் இப்பாதையின் கூடுதல் செலவுகள். பொதுமக்கள் நாடும் கரையில் வார இறுதி என்றால் சைக்கிள்கள், நடைபயில்வோர், பாதையின் குறுக்கே நீட்டிய தூண்டில்கள். யாருமே வராத கரை அதற்கு நேர் எதிரான சிக்கல். தனியாக ஓடும் பெண்கள் பலர் இருட்டு நேரத்தில் அதைத் தவிர்ப்பது நியாயமான எச்சரிக்கை.

நெடுந்தூர ஓட்டத்துக்கு இதற்கு நிகர் இல்லை என்பதும் உண்மையே. சந்திப்புகளில் நிற்க வேண்டாம், வண்டிகளுக்கு ஒதுங்க வேண்டாம், நிழல் உண்டு, ஒவ்வொரு வளைவும் அடுத்த காட்சியை மறைத்து வைத்திருப்பதால் தூரம் தெரிவதில்லை. இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய நாளில் இவை சிறிய விஷயங்கள் அல்ல.

## எந்த நிலையில் எது

சீரான வேகத்தில் ஓட வேண்டிய நாளிலும் போட்டிக்கு முந்தைய வாரங்களிலும் தார்ச்சாலை. போட்டி தார்ச்சாலையில் நடக்கும் என்பதால் காலும் அதற்குப் பழகியிருக்க வேண்டும். முந்தைய நாள் கடினமாக ஓடியிருந்தால், மழையில்லாத காலத்தில், அரை மணி நேரம் வண்டித்தடம். வார இறுதி நெடுந்தூரத்துக்கு, பாலங்கள் நெருக்கமாக இருக்கும் ஆற்றங்கரை. பாலங்கள் தொலைவாக இருந்தால் கைபேசியும் மெல்லிய மேற்சட்டையும் எடுத்துக்கொண்டு, புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டு.

காயத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கு என் பரிந்துரை சற்று ஏமாற்றம் தரலாம்: வீட்டைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் முடியும் சாலைச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓடுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் வலி தொடங்கிய அடியிலேயே நிறுத்தலாம். ஆற்றங்கரையின் நடுவழியில் நிற்பவர் வேறு வழியின்றி இன்னும் நாலு கிலோமீட்டர் அந்தக் காலையே பயன்படுத்த வேண்டியிருக்கும். முதன்முறையாக ஓடத் தொடங்குபவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலையில் நான் தார்ச்சாலையைத் தேர்வேன், அதுவும் அகலமான மண் ஓரம் கொண்ட சாலையை. வேகத்துக்குத் தாரும், மெதுவான ஓட்டத்துக்கு மண் ஓரமும் என்று ஒரே பாதை இரண்டு வேலை செய்யும்.

புதிய ஆற்றங்கரைப் பாதையை முடிவு செய்யுமுன் ஒருமுறை சைக்கிளில் போய்வருவது பயன் தரும். பாலங்களுக்கு இடையிலுள்ள உண்மையான தூரம், கரையிலிருந்து சாலைக்கு ஏறும் படிகளோ ஒற்றையடிப் பாதைகளோ இருக்கும் இடங்கள், சிக்னல் அறுந்துபோகும் பகுதி ஆகியவற்றைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சென்ற ஆண்டு இருந்த படி வெள்ளத்தில் போயிருக்கலாம்.